வளையலுக்குப் பதில் ஒரு வீணை

என் சித்தி 2019-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் காலமானாள். பிள்ளை குட்டி கிடையாது. கும்பகோணத்தில் அவள் இருந்த வீட்டை விற்று முடிக்க மூன்று வருஷம் ஆகிவிட்டது. 2022-ல் பத்திரம் முடிந்த கையோடு, வீட்டுச் சாமான்களைப் பங்கிட்டுக்கொள்ள உறவுக்காரர்கள் எல்லோரும் கூடினோம். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தேக்கு பீரோ என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் இரண்டு பொருள் மிஞ்சின. ஒன்று, சித்தி கடைசி வரை கையில் போட்டிருந்த ஒரு ஜோடி வளையல், 3 பவுன். இன்னொன்று, பரண்மேல் பழைய ஜமக்காளத்தில் சுற்றிக் கிடந்த வீணை.

என் முறை வந்தது. மாமா வளையலை எடுத்து என் பக்கம் நீட்டினார். "எனக்கு வளையல் வேண்டாம் மாமா, வீணையைக் கொடுங்க" என்றேன்.

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. 3 பவுன் என்றால் அன்றைய விலைக்கே லட்சம் ரூபாய்க்கு மேல். வீணையோ, பழைய சாமான் வாங்க வந்த ஆள் காலையில்தான் 4,000 ரூபாய்க்குப் பேசிவிட்டுப் போயிருந்தான். யாரோ ஹோட்டல்காரர் வரவேற்பறையில் அலங்காரமாக நிறுத்தி வைக்கக் கேட்கிறாராம். "ரெண்டு பொண்ணை வெச்சுக்கிட்டுத் தங்கத்தை விடறாளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று எனக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம்.

வளையல் என் பெரியம்மா பெண்ணுக்குப் போயிற்று. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அவள் கொஞ்சம் சங்கடப்படுகிறாள். பாவம், அவள் எதற்குச் சங்கடப்படவேண்டும்?

என் கணவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. திருச்சிக்குத் திரும்பும் வழியில்தான், "வைக்க இடம் எங்கே இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். உறையூரில் எங்களுடையது இரண்டு அறை உள்ள போர்ஷன். வீணை ஒரு ஆள் படுத்திருக்கிற நீளம் இல்லாவிட்டாலும், சுமார் நாலடி இடம் கேட்கும்.

என் அம்மாதான் எனக்காகப் பேசினாள். "ஏண்டி, அந்த வளையலே வீணை சம்பாதிச்சுக் கொடுத்ததுதானே? சம்பாதிச்சது பரண்மேல கிடக்கலாம், சம்பாத்தியத்துக்கு மட்டும் இத்தனை மரியாதையா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. சித்திக்குக் கல்யாணமான புதிதில், 1968-ல், சித்தப்பா தஞ்சாவூரில் சொல்லி வைத்து வாங்கிக் கொடுத்த வீணை அது. 1973-ல் சித்தப்பா போய்விட்டார். சித்திக்கு அப்போது 27 வயது. புகுந்த வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்ததோடு சரி. அன்றிலிருந்து சித்தி யாரிடமும் கையேந்தவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்பு நாலு பெண்கள், சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் என்று வீணை சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அந்த வீட்டை வாங்கினதும் வீணைதான், வளையல் பண்ணினதும் வீணைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வகுப்பு கிடையாது. அன்றைக்கு அவள் தனக்காக வாசிப்பாள். சென்னையில் வீணை தனம்மாள் என்று ஒரு மேதை இருந்தார் (1867 - 1938). ஜார்ஜ் டவுன் பக்கம் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வாசிப்பார் என்றும், பெரிய பெரிய வித்வான்களெல்லாம் அங்கே வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள் என்றும் சித்தி சொல்வாள். "நான் தனம்மாள் இல்லே, ஆனா வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் பொதுதானே" என்று சிரிப்பாள்.

நான் ஐந்து கோடை விடுமுறைகள் சித்தியிடம் உட்கார்ந்திருக்கிறேன். சரளி வரிசையில் ஆரம்பித்து இரண்டு வர்ணம் வரை வந்தேன். பிறகு பத்தாவது, பிளஸ் டூ, கல்யாணம். உங்களில் பலருக்கும் இதே கதைதான் இருக்கும், அதனால் நீட்டவில்லை.

2010 வாக்கில் சித்திக்கு விரல் மூட்டுகளில் வாதம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் காபி டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய நிலைமை. வைத்தியம் பார்த்தும் வலி குறைந்ததே தவிர, விரல் பழைய மாதிரி மடங்கவில்லை. ஒரு நாள் என் தம்பியைக் கூப்பிட்டு, "அதை மேலே ஏத்திடுடா. கண் எதிரே இருந்தா கை சும்மா இருக்க மாட்டேங்கறது" என்றாளாம். அப்படிப் பரணில் ஏறியதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஜமக்காளத்தைப் பிரித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திராத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வலது பக்கம் பானை மாதிரி உருண்டையாக இருப்பது குடம். அதிலிருந்து நீளமாகப் போவது தண்டி. தண்டியின் கோடியில் வளைந்து கீழே பார்ப்பது யாளி முகம். யாளிப் பக்கத்தில் அடியில் மாட்டியிருப்பது சுரைக்காய், அது நம் இடது தொடையில் தங்கும். தண்டியின் மேல் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக மெழுகுக் கரை கட்டி, அதன்மேல் குறுக்கே 24 உலோக மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. வாசிக்கிற தந்தி நாலு - சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. ஆக 7 தந்தி.

எங்கள் வீணையில் இந்த மெழுகுக் கரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு இடத்தில் எலி கறம்பிய பல் தடம் தெரிந்தது. மெட்டுகளில் ஐந்து கழன்று ஜமக்காளத்துக்குள்ளேயே கிடந்தன, மற்றவை பச்சைப் பிடித்துப்போய்க் கோணலாக நின்றன. தந்தியெல்லாம் துரு. தந்தியை முறுக்கும் பிரடைகளில் இரண்டைக் காணோம். சுரைக்காய் நசுங்கி ஓடு ஓடாக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடத்தின் மேல் பலகையில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

முதலில் எங்கள் பக்கத்திலேயே வாத்தியங்கள் விற்கும் ஒரு கடையில் காட்டினேன். அவர் ஜமக்காளத்தை முழுசாகப் பிரிக்கக்கூட இல்லை. "இதெல்லாம் தேறாதும்மா. கட்டைக்கு 3,000 கழிச்சுக்கறேன், புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார். பழசைப் பழுது பார்ப்பதில் கடைக்காரருக்கு என்ன லாபம்? புதுசு விற்றால்தான் லாபம். நாம் மிக்ஸியைப் பழுது பார்க்கக் கொண்டுபோனாலும் இதே பதில்தானே கிடைக்கிறது! ஆனால் கேட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வளையலும் போய், வீணையும் தேறாமல் போனால், கூடத்தில் கேட்ட அந்தக் குரல் ஜெயித்துவிடுமே என்று இருந்தது.

கடைசியில் சித்தியிடம் படித்த ஒரு அம்மாள் சொன்னதன் பேரில், பிறந்த ஊருக்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். 2023 மாசியில் ஒரு வாடகைக் காரின் பின்சீட்டில் வீணையைப் படுக்கவைத்து, நானும் பெரியவளும் முன்னால் ஒண்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம்.

தஞ்சாவூருக்கும் வீணைக்கும் உள்ள சொந்தம் இன்று நேற்று வந்ததல்ல. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளையும் நிலையாகப் பதிக்கும் முறை அமைந்தது என்று சொல்வார்கள். பரம்பரை பரம்பரையாக இந்த வேலை செய்கிற குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. பலாவில் பழம் தின்னத்தான் நமக்குத் தெரியும், அதன் வைரம் பாய்ந்த கட்டையைச் சுண்டினால் வெண்கலப் பாத்திரம் மாதிரி பேசும் என்பது எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது.

நாங்கள் போன பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசல் திண்ணையில் பாதி குடைந்த குடங்கள் அடுக்கியிருந்தன. பெரியவருக்கு எழுபது வயது இருக்கும், பக்கத்தில் மகன் வேலை செய்துகொண்டிருந்தான். எங்கள் வீணையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, முதலில் ஒன்றும் பேசாமல் விரல் கணுவால் குடத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். நாட்டு வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு விரிசலின் மேல் நகத்தை ஓட்டினார், டார்ச் அடித்துப் பார்த்தார். நான் மூச்சுகூட விடவில்லை.

"கட்டை நல்லா இருக்கும்மா. மெழுகுதான் செத்துப்போச்சு" என்றார்.

அப்பாடா! அதற்கப்புறம் அவர் சொன்ன விலையெல்லாம் எனக்குக் கசக்கவே இல்லை.

வீணையில் இரண்டு விதம் உண்டாம். குடம், தண்டி எல்லாம் ஒரே கட்டையில் குடைந்து எடுப்பது ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. எங்களுடையது ஒட்டு. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் ஒட்டு லேசாக விட்டிருப்பதைப் பெரியவர் காட்டினார். "ஒட்டு வீணைன்னா மட்டம்னு நினைக்காதீங்க. ஒட்டு விட்டா மறுபடி ஒட்டலாம். இது நம்ம ஊர் கைதான், அம்பது வருஷக் கட்டை. ஈரமெல்லாம் என்னிக்கோ போய் நல்லாக் காய்ஞ்சிருக்கு. இந்தக் காய்ச்சல் புதுக் கட்டைக்கு வராது" என்றார்.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரொம்பப் பழைய வீணைகளில் ஓரங்களில் யானைத் தந்தம் பதித்திருப்பார்கள். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு அதில் வந்த திருத்தங்களும் சேர்ந்து, தந்தம் வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிவிட்டன. இப்போது வேலைப்பாடெல்லாம் பிளாஸ்டிக் தகடுதான். எங்கள் வீணையிலும் நல்ல வேளையாகப் பிளாஸ்டிக்தான் இருந்தது. உங்கள் வீட்டில் தந்தம் பதித்த வீணை ஏதாவது இருந்தால், விற்கவோ வாங்கவோ நினைக்கும் முன்பு சட்டம் தெரிந்தவர்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளில் மர வேலை முடிந்தது. விரிசலுக்குள் பலா மரத்திலேயே மெல்லிய சிம்பு சீவிச் செருகி, வச்சிரம் போட்டு ஒட்டி, மேலே இழைத்துவிட்டார்கள். பிரடை இரண்டு புதிதாகக் கடைந்தார்கள். பாலிஷ் போடும்போது மகன் எனக்கு போன் செய்தான். தண்டியின் பின்பக்கம், கட்டைவிரல் படும் இடத்தில் நீளமாகத் தேய்ந்து வெளுத்திருக்கிறது, அதையும் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கிவிடட்டுமா என்று கேட்டான். "வேண்டாம் தம்பி, அதைத் தொடாதீங்க" என்றேன். அது நாற்பது வருஷம் சித்தியின் கை ஓடிய தடம்.

மெட்டுப் பதிக்கிற வேலைக்கு 'மேளம் கட்டுவது' என்று பெயர். அதைப் பார்க்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டதால், அந்த இரண்டு நாளும் வரச்சொன்னார்கள். காலையில் சமையலை முடித்துவைத்துவிட்டு பஸ் பிடித்துப் போய் சாயங்காலம் திரும்பினேன். உள்ளே நுழைந்ததும் பெரியவர் ஒரு கிண்ணத்தில் பச்சைப் பிடித்த மெட்டுகளை என்னிடம் கொடுத்து, "சும்மாத்தானே உட்காரப்போறீங்க" என்றார். புளியும் சாம்பலும் கேட்டு வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து 24-ஐயும் தேய்த்துக் கொடுத்தேன். நமக்குத் தெரிந்த வேலை! பொன் மாதிரி வந்தன.

உள்ளே மெழுகு தயாராகிக்கொண்டிருந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கி, கரித்தூள் சேர்த்துக் கிளறுகிறார்கள். இதற்கும் நம் மைசூர்பாகு மாதிரி பதம் உண்டு. குங்கிலியம் குறைந்தால் கோடையில் இளகி மெட்டு நகரும், ஜாஸ்தியானால் உடையும். பெரியவர் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டு, நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். அளவு டம்ளரும் இல்லை, தராசும் இல்லை. என் மாமியார் ரசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரிதான்.

பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மெழுகைத் தண்டியின் இரண்டு ஓரத்திலும் கரையாகக் கட்டினார்கள். தந்தி மாட்டிச் சுருதி சேர்த்தார்கள். அதன் பிறகுதான் விசேஷம். மேலே தந்தி தொட்டுக்கொண்டு போகும் இடம் மேரு, குடத்தின் மேல் தந்தியைத் தாங்குவது குதிரை. இரண்டுக்கும் நடுவே தந்தி நீளத்தில் சரிபாதியில் 12-ஆவது மெட்டு. அங்கே அழுத்தினால் மேல் ஷட்ஜம் பேசும். மேருவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி 7-ஆவது மெட்டு, அது பஞ்சமம். கடைசி மெட்டு, குதிரைக்குக் கால் பங்கு தூரத்தில். நான் தையல் வேலை தெரிந்தவள், கையோடு இஞ்ச் டேப் வைத்திருந்தேன். அளந்து பார்த்தால், பெரியவர் வைத்த 12-ஆவது மெட்டு சரிபாதிக்கு ஒரு அரிசி மூக்கு அளவு விலகி இருந்தது.

"ஐயா, பாதிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கே?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேப்பு தந்தியை அழுத்தாது, விரல் அழுத்தும்மா. அழுத்தினா தந்தி இழுபடும், இழுபட்டா ஸ்வரம் ஏறும். அந்த ஏத்தத்தைக் கழிச்சு வைக்கணும்" என்றார். எவ்வளவு கழிப்பது என்பது தந்தியின் கனத்தையும் மெட்டின் உயரத்தையும் பொறுத்ததாம். அதனால்தான் அளவுகோல் வைத்து மேளம் கட்ட முடிவதில்லை, காதை வைத்துத்தான் கட்டவேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு மெட்டையும் மெழுகின் மேல் லேசாக வைத்து, தந்தியை மீட்டிக் கேட்டு, நகர்த்தி, மறுபடி மீட்டி, சரியென்று பட்டதும் காய்ச்சிய கம்பியால் மெழுகை இளக்கிப் பதித்தார். சுருதிப் பெட்டி பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மகன் கைபேசியில் ஏதோ செயலியை வைத்துக்கொண்டு ஸ்வரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னான். பெரும்பாலும் இருவரும் ஒத்துப்போனார்கள். ஒரு மெட்டில் மட்டும் கைபேசி சரி என்றது, பெரியவர் இல்லை என்றார். தந்தியை அந்த மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து, அடுத்தடுத்த ஸ்வரங்களை வரவழைத்துக் காட்டினார். வீணையில் கமகம் இப்படி இழுத்துத்தானே வாசிக்கிறோம்? அப்படி இழுக்கும்போது தந்தி அடுத்த மெட்டில் லேசாக உரசி 'ஙொய்' என்றது. ஸ்வரம் சரி, உயரம்தான் சரியில்லை. ஒரு நூல் இறக்கினதும் சத்தம் நின்றது. மகன் ஒன்றும் பேசாமல் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் குதிரையின் தலையிலிருக்கும் உலோகத் தகட்டை அரம் போட்டுத் தேய்த்தார். அது தட்டையாக இருந்தால் நாதம் கட்டைபோல் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு வேண்டும். இரண்டு இழுப்பு, ஒரு மீட்டு, மறுபடி இரண்டு இழுப்பு என்று போனது. திடீரென்று ஒரு மீட்டுக்கு, நாதம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பட்டறையில் உளி வேலை செய்துகொண்டிருந்த பையன்கூட நிமிர்ந்து பார்த்தான். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்ட சத்தம் அது.

செலவைக் கேட்பீர்கள், சொல்கிறேன். மேளம் கட்ட 7,000, விரிசலுக்கும் ஒட்டுக்கும் 3,500, சுரைக்காய் 1,200, தந்தி, பிரடை வகையறா 1,800. இரண்டு தடவை கார் வைத்ததில் 4,500. மொத்தம் 18,000 ரூபாய். ரவிக்கை தைத்த காசில் நான் கட்டி வந்த சீட்டு அந்த மாதம் 20,000 விழுந்தது, அதில் முடிந்துவிட்டது. இடத்துக்கு இடம், வேலைக்கு வேலை கூலி மாறும். புது வீணை விலையோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் கட்டை உளுத்துப்போயிருந்தாலோ, குடம் அடிவரை பிளந்திருந்தாலோ இந்தச் செலவு வீண். ஆகவே முதலில் தட்டிப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள். விற்கிறவரைவிடச் செய்கிறவர் சொல்வதைக் கேளுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, மாமியார் வீட்டு அலமாரி மேலோ ஒரு வீணை இருந்தால், வாசிக்க ஆள் இல்லாவிட்டாலும் இதையெல்லாம் கவனியுங்கள். வெயில் படும் ஜன்னலோரமும் அடுப்பங்கரைச் சுவர் பக்கமும் ஆகாது, மெழுகு இளகிவிடும். மாடிக்கு மேல் தகரம் போட்ட அறையில் கோடையில் வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். மெழுகுக் கரையில் படியும் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டவேண்டும், ஈரத்துணி போட்டுத் துடைத்தால் மெட்டு பச்சைப் பிடிக்கும். பிரடை நழுவினால் சாக்பீஸ் தூள் கொஞ்சம் தடவிச் செருகினால் பிடித்துக்கொள்ளும். எலி வராத இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என் அனுபவம்! நவராத்திரிக்குக் கொலுப்படி பக்கத்தில் சரஸ்வதியாக வைத்துப் பூப்போடுவது நல்லதுதான், ஆனால் சந்தனத்தையும் குங்குமத்தையும் யாளி முகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெட்டுக்கு நடுவில் போனால் எடுக்க முடியாது. தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் தரையில் வைக்காதீர்கள். தந்தி அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

வைக்க இடம் என்று இவர் கேட்டாரே, அதற்கு இவரே வழி கண்டுபிடித்தார். முன்னறையில் பெஞ்சுக்கு அடியில் இருந்த பழைய பேப்பர் கட்டையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, அந்த பெஞ்சின் மேல் மெத்தைத்துணி விரித்துப் படுக்கை மாதிரி பண்ணிக் கொடுத்தார். இப்போது வருகிறவர்கள் அந்த பெஞ்சில் உட்காரப் போனால், "அங்கே வேண்டாம், ஆள் இருக்கு" என்கிறார்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்தை ஒட்டி வயது. சம்மணம் போட்டு அரைமணி உட்கார்ந்தால் முழங்கால் பேசுகிறது. சுவரில் முதுகைச் சாய்த்து, அடியில் மடித்த போர்வை போட்டு, கால்மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறேன். மெட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து வலிக்கும், சித்தி அதற்குத்தான் கண்ணை மூடச் சொல்வாள் போலிருக்கிறது. முதல் மாதம் இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி அறுத்த கோடு கோடாகப் புண். புளி கரைக்கும்போது உயிர் போகும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டுக்கொண்டு வாசித்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், புண்ணும் குறைவு. இப்போது காய்ப்புக் காய்த்துவிட்டது. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் கிளம்பிப் போனதும் குக்கரை இறக்கிவிட்டு உட்காருகிறேன். கீதங்கள் கைக்கு வந்துவிட்டன. ஒரு வர்ணம் முக்கால்வாசி வருகிறது, சரணத்தில் தடுமாறுகிறது. சின்னவள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள், கற்றுக்கொள் என்று நான் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தாள். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவள் ஒரு நாளும் வீணையைத் தொட்டவள் இல்லை. ஆனால் நாங்கள் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வகுப்பு நடக்கிற அறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நான் வாசிக்க உட்கார்ந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள், இரண்டாவது ஆவர்த்தத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பஞ்சமம் இறங்கியிருக்கு பாரு. அவ இப்படி வெச்சுக்க மாட்டா" என்றாள்.

சுருதிப் பெட்டியோடு வைத்துப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. சாக்பீஸ் தூள் தடவிப் பிரடையை இறுக்கிச் சேர்த்தேன். அம்மா தலையை ஆட்டினாள், மேலே வாசித்தேன். அந்த மழைக்குப் பிறகு 14-ஆவது மெட்டு லேசாக அசைகிற மாதிரி இருக்கிறது. பெரியவருக்கு போன் செய்தேன். "தை பொறந்ததும் எடுத்துக்கிட்டு வாங்கம்மா, ஒரு மணி நேர வேலைதான்" என்றார். இந்தத் தடவை இவரும் வருகிறாராம், அந்தப் பட்டறையைப் பார்க்கவேண்டுமாம்.